கரைக்கு வரும் சேதி

வடகிழக்குப் பருவமழைக் காலம் வந்துவிட்டால் தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் தவறாமல் ஒரு வரி வரும்: தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது. இதே ஊரில் பிறந்து வளர்ந்த என் வகுப்புத் தோழர்களைக் கேட்டுப் பார்த்தேன். அந்தக் கூண்டைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. கூண்டு ஏறிய சேதி தெரியாதவரும் இல்லை. பகலில் கூம்பும் உருளையுமாகவும் இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளாகவும் கப்பல்காரர்கள் பார்ப்பதற்கென்று ஏற்படுத்திய அடையாளம் அது. இன்று கப்பலின் தலைவருக்குச் செயற்கைக்கோள் படமே கையில் இருக்கிறது. கூண்டோ தலைப்புச் செய்தியாகி, கோவில்பட்டியில் தீப்பெட்டி ஒட்டுகிறவரையும் உப்பளத்தில் வாருபலகையோடு நிற்பவரையும் வானத்தை அண்ணாந்து பார்க்க வைக்கிறது. பொருள் கண்ணில் படவில்லை, செய்தி மட்டும் வேலை செய்கிறது.

ஊடகத்தின் தாக்கம் என்று பேசத் தொடங்கினால் கல்லூரியில் உடனே பட்டிமன்றம் கூடிவிடும். நன்மையா, தீமையா? இரண்டு அணியும் தொண்டை வறளப் பேசி முடித்ததும், அளவோடு பயன்படுத்தினால் நன்மையே என்று நடுவர் தீர்ப்புச் சொல்வார். உப்புக்கும் இதே தீர்ப்பைச் சொல்லலாம். உப்பளத்து ஊரில் அது ஒன்றும் புதிய சேதியல்ல. இந்தக் கடலோரத்தின் கதையைப் பின்னோக்கிப் படிக்கப் படிக்க, அளவு என்பதே தவறான அளவுகோல் என்று எனக்குப் படுகிறது. ஒரு சேதி எத்தனை வழிகளில் வந்து சேர்கிறது, அதைக் கேட்டவருக்குத் திருப்பிப் பேச வாய் இருக்கிறதா? இந்த இரண்டையும்தான் கேட்க வேண்டும். ஒரே வழியாக வந்த சேதிதான் இங்கே மனிதர்களை ஆட்டிப்படைத்திருக்கிறது. வழி அடைபட்ட நாட்களில் உயிரும் போயிருக்கிறது.

இந்தக் கரைக்கு ஊடகம் கைப்பேசியோடு வரவில்லை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் தெருத்தெருவாக மணி அடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் பெயர்த்த செபங்களை மனப்பாடம் செய்ய வைத்தார். அவருக்குப் பின் வந்த அன்றீக் அன்றிக்கஸ் அடிகள் அச்சுக்குப் போனார். 1578இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ பதினாறே பக்கம். இந்திய மண்ணில் இந்திய எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1586இல் ‘அடியார் வரலாறு’ என்ற பெரிய நூல் வந்தது. அது அச்சான இடமாகச் சொல்லப்படுவது, தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயல். முத்துக்குளித்த பரதவர்கள் கொடுத்த பணம் அந்த அச்சுவேலைக்கு உதவியது. அதாவது, கடலுக்கடியில் மூச்சடக்கி எடுத்த முத்தின் காசில் தமிழின் தொடக்ககால அச்சு நூல்கள் பிறந்தன. அந்தக் காசு கொடுத்தவர்களில் எத்தனை பேருக்குப் படிக்கத் தெரிந்திருக்கும்? உபதேசியார் வாசிக்க, மற்றவர்கள் கேட்டிருப்பார்கள். கேட்டவர்கள் எதிர்க்கேள்வி அச்சிட்டுக் கொடுக்க வேறொரு அச்சகம் இல்லை. பெரிய வரம்தான், ஆனாலும் ஒருவழிப் பாதை.

அந்தப் பாதை இருவழியாவதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1906இல் வ.உ.சிதம்பரனார் சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவுசெய்தபோது அதன் மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய். மொத்தம் 40,000 பங்குகள். கப்பலைக் கண்ணால் காணாதவர்களிடம் கப்பல் பங்கை விற்பது எப்படி? பத்திரிகைதான் வழி. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி சென்னையிலிருந்து நடத்திய ‘இந்தியா’ வார இதழ் இந்தக் கப்பல் முயற்சியைத் தன் சொந்த முயற்சியாகவே எடுத்துக்கொண்டு எழுதியது. எழுத்தறியாதவருக்கும் எட்டும்படி கேலிச்சித்திரம் போட்டது. கடற்கரையில் சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் பேசிய கூட்டங்களுக்கு ஆலைத் தொழிலாளர்கள் திரண்டார்கள். 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து வென்றதற்கு அந்தக் கூட்டங்கள் வேர். பங்கு வாங்குவதும் வேலைநிறுத்தம் செய்வதும் கேட்டவர்கள் கொடுத்த பதில்கள்.

அரசாங்கமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கூட்டத்தில் உட்கார்ந்து காவல்துறையினர் எடுத்த குறிப்புகள் சிதம்பரனார், சிவா மீதான இராஜத்துரோக வழக்கில் சாட்சியங்களாயின. நேற்றுப் போட்ட நிலைத்தகவலை இன்று வழக்கில் இணைக்கும் காலத்தில் வாழும் எங்களுக்கு இது விளங்காத விஷயமல்ல. 1908 மார்ச் 12ஆம் தேதி இருவரும் கைதானதும் மறுநாள் திருநெல்வேலி பற்றியெரிந்தது. அதே ஆண்டில் ‘இந்தியா’ புதுச்சேரிக்கு இடம்பெயர்ந்தது. போட்டிக் கப்பல் விட்ட பிரிட்டிஷ் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக்கொண்டே போக, சுதேசிக் கப்பல் நொடித்தது. பத்திரிகையால் ஒரு கப்பலை வாங்க முடிந்தது, அதை ஓட்டிக்கொண்டே இருக்க முடியவில்லை. ஊடகத்தின் வல்லமை பற்றி மேடையில் முழங்குகிறவர்கள் இந்த இரண்டாம் பாதியைச் சொல்வதில்லை.

இதே மாவட்டத்துக் காயாமொழியில் பிறந்த சி.பா.ஆதித்தனார் 1942 நவம்பர் 1ஆம் தேதி மதுரையில் ‘தந்தி’ நாளிதழைத் தொடங்கினார். கொட்டை எழுத்து, சின்னச் சின்ன வாக்கியம், பேச்சுக்குப் பக்கத்தில் நிற்கும் நடை. படித்தவர்கள் முகம் சுளித்தார்கள். டீக்கடையில் எழுத்துக்கூட்டிப் படித்தவர்கள் அதிலேயே வாசிக்கப் பழகினார்கள். ஒருவர் உரக்க வாசிக்க நான்கு பேர் மறுத்துப் பேசும் டீக்கடை பெஞ்சை நான் ஓர் ஊடகமாகவே எண்ணுகிறேன். தாள் ஒன்றுதான், ஆனால் அது காதுக்குப் போகும் முன் நான்கு வாய்களைத் தாண்ட வேண்டும். கைப்பேசியில் செய்தி படிக்கும்போது இந்தச் சல்லடைதான் இல்லாமல் போகிறது.

வானொலியின் கதை இன்னும் சுவையானது. எங்கள் வீடுகளில் அறுபதைக் கடந்தவர்களிடம் வானொலி என்று சொன்னால் முதலில் வாயில் வருவது திருநெல்வேலியும் சென்னையும் அல்ல, கொழும்பு. இலங்கை வானொலியின் வர்த்தக சேவை, எஸ்.பி.மயில்வாகனம், கே.எஸ்.ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச்.அப்துல் ஹமீத். அரசு வானொலி இங்கே சினிமாப் பாட்டைத் தள்ளிவைத்திருந்த காலத்தில் கடலுக்கு அந்தப் பக்கமிருந்து அது தாராளமாக வந்தது. 1982இல் ரூபவாஹினி தொடங்கியதும், தூர்தர்ஷன் ஒழுங்காக எட்டாத தென்கரையில் மூங்கில் உயரத்துக்கு ஆண்டெனா நட்டு, மொழி புரியாத சிங்கள விளம்பரங்களையும் சேர்த்தே பார்த்தார்கள். கடலில் எல்லைக்கோடு 1974, 1976 ஒப்பந்தங்களில் போடப்பட்டுவிட்டது. அலைக்கு அது தெரியாது. மறுதிசையில், தூத்துக்குடியிலிருந்து அகில இந்திய வானொலியின் 200 கிலோவாட் மத்திய அலை ஒலிபரப்பு இலங்கைத் தமிழர்களைக் குறிவைத்துப் போனது. அவர்கள் நமக்குப் பாட்டை அனுப்பினார்கள், நாம் அவர்களுக்குச் செய்தியை அனுப்பினோம். யாருடைய பரிமாற்றம் லாபகரமானது என்பதை வாசகர்களின் முடிவுக்கே விடுகிறேன்.

சினிமாவை விரிவாகப் பேச இங்கே இடமில்லை, எனினும் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. மன்னார் வளைகுடாவில் இந்தியக் கரையோரம் அரசு நடத்திய கடைசி முத்துக்குளிப்பு 1961இல் முடிந்தது. சிவாஜி கணேசன் சிதம்பரனாராக நடித்த ‘கப்பலோட்டிய தமிழன்’ வந்ததும் அதே 1961இல்தான். முத்து போன பிறகுதான் ‘முத்துநகர்’ என்ற பெயர் முழு வேகம் எடுத்தது. 1967இல் வந்த ‘அனுபவி ராஜா அனுபவி’யில் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே முத்துக்குளிப்புப் பாட்டு ஒன்று அமைந்து நாடெங்கும் பரவியது. சென்னைக்குப் போகும் ரயிலுக்கும் முத்துநகர் என்றே பெயர். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சங்குநகர் என்று யாரும் பெயர் வைக்கவில்லை, அவர்களைப் பற்றிய பாட்டும் இல்லை. பிற்காலச் சினிமா இந்தக் கரையை அரிவாளுக்கும் கடத்தலுக்கும் ஒதுக்கியது. 2013இல் வந்த ‘சிங்கம் 2’ஐப் பார்த்த வெளியூர்ப் பிள்ளைகள் விடுதியில் எங்களைப் பார்த்து, உங்கள் ஊரில் இப்படித்தானா என்று கேட்பார்கள். நாங்களும் விறைப்பாக, ஆமாம் என்போம். வெளியிலிருந்து வரைந்த படத்துக்குள் உள்ளூர்க்காரரே போய் உட்கார்ந்துகொள்வதைவிடப் பெரிய தாக்கம் எது?

அதற்கான மறுமொழி இலக்கியத்தில் முதலில் வந்தது. ஜோ டி குரூஸின் ‘ஆழி சூழ் உலகு’ 2004இலும் ‘கொற்கை’ 2009இலும் பரதவர் வாழ்வை உள்ளிருந்து எழுதின. ‘கொற்கை’ 2013இல் சாகித்ய அகாதெமி விருது பெற்றது. ஆனால் ஆயிரம் பக்க நாவல் போகாத இடங்களுக்கு இப்போது யூடியூப் போகிறது. ‘தூத்துக்குடி மீனவன்’, ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’ போன்ற சேனல்களில் மீனவர்களே கேமராவைப் பிடித்து வலை விடுவதையும் படகிலேயே குழம்பு வைப்பதையும் சங்கு எடுப்பதையும் காட்டுகிறார்கள். அவர்கள் வாயில் வாடை, கொண்டல், கச்சான் என்ற காற்றுகளும் நீவாடு என்ற நீரோட்டமும் அதனதன் பெயரிலேயே வருகின்றன. கல்லூரி நேர்முகத் தேர்வுக்காக எங்களில் பலர் மெனக்கெட்டுத் துடைத்துப்போட்ட பேச்சு அது. அந்தப் பேச்சுக்கு லட்சக்கணக்கில் கேட்பவர்கள் இருப்பது தெரிந்ததும் வகுப்பில் சிலருக்குக் கூச்சம் குறைந்ததை நான் பார்த்திருக்கிறேன். இந்தச் சேனல்களிலும் பகட்டு உண்டு. பெரிய மீன் கிடைத்த நாள்தான் காணொளியாகிறது; வெறும் வலையோடு திரும்பிய நாளுக்கும் டீசல் கடனுக்கும் பார்வையாளர்கள் குறைவு. கடல் என்பது எப்போதும் கொண்டாட்டம் என்று மதுரைக்காரர் நினைத்துக்கொண்டால் அது ‘சிங்கம்’ சொன்னதற்கு நேர் எதிரான பொய், அவ்வளவுதான்.

காசுக்கணக்குக்கு வருவோம். மீனவர் வாழ்வில் ஊடகத்தின் தாக்கத்தை அளந்து காட்டிய ஆய்வுகளில் உலகப் புகழ்பெற்றது பக்கத்துக் கேரளத்தில் நடந்தது. 1997 முதல் 2001 வரை வடகேரளக் கடலோரத்தில் கைப்பேசிக் கோபுரங்கள் வரவர மத்தி மீன் சந்தையில் என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற பொருளியலாளர் பின்தொடர்ந்து, 2007இல் வெளியிட்டார். படகிலிருந்தபடியே எந்தத் துறையில் என்ன விலை என்று கேட்டுக்கொண்டு அங்கே கரை சேர்ந்தார்கள். ஊருக்கு ஊர் இருந்த விலை வேறுபாடு சுருங்கியது; விற்காமல் கடலில் கொட்டிய மீன் இல்லாமல் போனது; மீனவர் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது; வாங்குபவருக்கான விலை 4 சதவீதம் குறைந்தது. கைப்பேசி ஏழைகளைக் கரையேற்றும் என்பதற்கு உலகெங்கும் இதையே சான்று காட்டினார்கள்.

ஆய்வாளர்களான ஜானகி சீனிவாசனும் ஜென்னா பரல்லும் மீண்டும் கேரளக் கடலோரத்துக்குப் போய், கதை அவ்வளவு நேரானதல்ல என்று 2013இல் எழுதினார்கள். விலை தெரிந்தால் மட்டும் போதுமா? படகுக்கும் வலைக்கும் கடன் கொடுத்த ஏலக்காரரிடமே மீனைக் கொடுக்க வேண்டும் என்ற கட்டு இருந்தால், பக்கத்துத் துறையில் பத்து ரூபாய் கூடுதல் என்று தெரிந்து என்ன செய்ய? இதைப் படித்தபோது எங்கள் ஊர் மீனவர் பகுதிகளான திரேஸ்புரமும் இனிகோ நகரும்தான் என் கண்முன் வந்தன. முன்பணம் வாங்கிய வள்ளக்காரர் வாட்ஸ்அப்பில் வரும் விலைப்பட்டியலைப் பெருமூச்சோடு பார்த்துவிட்டு வழக்கமான ஆளிடமே எடை போடுகிறார். சேதி அவருக்கு வந்துவிட்டது, அதற்குப் பதில் செய்யும் கை மட்டும் கட்டியிருக்கிறது. ஊடகம் கொடுப்பது தகவல். அதைப் பயனாக்குவது வேறு சங்கதி.

ஏலக்கூடத்தில் தலைச்சுமைக்கு மீன் எடுக்கும் பெண்களை இந்தக் கணக்கில் யாரும் சேர்ப்பதில்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ளவர்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்திய ஆண்கள் 57 சதவீதம், பெண்கள் 33 சதவீதம். வீட்டில் நல்ல போன் தம்பிக்கு, பழைய போன் அக்காவுக்கு என்ற ஏற்பாட்டை என் தோழிகளிடம் புதிதாக விளக்க வேண்டியதில்லை. சமூக ஊடகம் இளைஞர்களைச் சீரழிக்கிறது என்ற பேச்சு எழும்போதெல்லாம் முதலில் பிடுங்கப்படுவது யாருடைய போன் என்று பாருங்கள்.

மீண்டும் அந்தப் புயல் கூண்டுக்கே போவோம். துறைமுக எச்சரிக்கை எண்களில் பெரும்பாலோர் கவனிக்காத நுட்பம் ஒன்று இருக்கிறது. 8, 9, 10 ஆகியவை பெரும் அபாயத்தைக் குறிப்பவை. அதற்கும் மேலே 11 என்று ஓர் எண் உண்டு. அது இன்னும் பெரிய புயலைச் சொல்லவில்லை. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தொடர்பே அற்றுப்போய்விட்டது, மோசமான வானிலை வரும் ஆபத்து இருப்பதாகத் துறைமுக அதிகாரி கருதுகிறார் என்பதே அதன் பொருள். சேதி வராமல் போவதற்குத்தான் கடைசி எண் கொடுத்திருக்கிறார்கள்.

தூத்துக்குடி அந்தப் பதினொன்றை நிலத்தில் பார்த்தது 2018 மே மாதத்தில். ஸ்டெர்லைட் தாமிர உருக்காலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாளான மே 22 அன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கிப் போன மக்கள்மீது காவல்துறை சுட்டது. 13 பேர் உயிரிழந்தார்கள். வேன் கூரைமேல் ஏறி நின்று சாதாரண உடையில் ஒரு காவலர் துப்பாக்கியைக் குறிபார்க்கும் காணொளி அன்று மாலைக்குள் உலகெங்கும் போய்விட்டது. மறுநாளே தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் ஐந்து நாட்களுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு வந்தது. ஆத்திரமூட்டும் பதிவுகள் பரவாமல் தடுக்க என்று காரணம் சொன்னார்கள். ஊருக்குள் நடப்பது ஊருக்குத் தெரியவில்லை. எந்த மருத்துவமனையில் யார் இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. இணையம் இல்லாத ஊரில் வதந்தி குறைந்ததா? செல்பேசி அழைப்பிலும் தெருமுனையிலும் அது தாராளமாக நடமாடியது. அதைச் சரிபார்க்கும் வழிதான் மூடியிருந்தது.

இதே நிகழ்வில் இன்னொரு விசித்திரம். துப்பாக்கிச் சூடு நடந்ததை மற்றவர்களைப் போலத் தாமும் தொலைக்காட்சியைப் பார்த்தே அறிந்ததாக அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி சொன்னார். நிலவரம் அவருக்கு நிமிடத்துக்கு நிமிடம் தெரிவிக்கப்பட்டது என்றும் அவர் சொன்னது சரியல்ல என்றும் 2022இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை பதிவுசெய்தது. ஊடகத் தாக்கம் பற்றிய பாடநூல் எதிலும் இப்படி ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது. ஆட்சியில் இருப்பவர், நான் வெறும் பார்வையாளன் என்று சொல்லித் தப்பிக்கவும் தொலைக்காட்சி உதவும். மக்களுக்கோ பார்வையாளராக இருக்கும் உரிமையும் ஐந்து நாளைக்கு இல்லை. காஷ்மீர் இணையத் தடை வழக்கில் 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், இத்தகைய உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையின்றி நிறுத்துவது செல்லாது என்றது. தீர்ப்பு வந்த பிறகும் இந்தியாவில் இணையத்தை நிறுத்தும் வழக்கம் நிற்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து, இதே மாவட்டத்துச் சாத்தான்குளம். 2020 ஜூனில் ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் காவல் சித்திரவதைக்குப் பின் இறந்தார்கள். ஊரடங்கில் நேரம் கடந்து கடை திறந்திருந்தார்கள் என்பது அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றம். அது கைப்பேசிக் கடை. பாடகி சுசித்ரா ஆங்கிலத்தில் பேசி வெளியிட்ட காணொளி நாடு முழுக்கப் பரவி, வடக்கே இருந்த நட்சத்திரங்களையும் வாய் திறக்க வைத்தது. பின்னர் அதில் மிகைப்படுத்தல் இருப்பதாகச் சிபிசிஐடி சொல்ல, அவர் அதை நீக்கினார். ஆங்கிலத்தில் சொன்னால்தான் நம் சாவும் தேசியச் செய்தி ஆகும் என்ற கசப்பு எங்களில் பலருக்கு அன்று தட்டியது. ஆனாலும் வழக்கை நகர்த்தியது அந்தக் காணொளி மட்டும் என்று நான் சொல்ல மாட்டேன். உயர் நீதிமன்ற மதுரைக் கிளை தானாக முன்வந்து எடுத்த நடவடிக்கை, உள்ளூர் நிருபர்கள் தமிழில் அன்றாடம் எழுதிய செய்தி, கடையடைத்த வணிகர்கள் எல்லாம் ஒன்றையொன்று தாங்கின. அதில் ஒரு குரல் மிகையாகப் போனபோது மற்றவை சாயாமல் நின்றன. பல வழி இருப்பதன் பலன் இதுதான்.

பல வழி என்றால் வாட்ஸ்அப்பில் ஐம்பது குழுக்கள் இருக்கின்றனவே, அதுவும் பல வழிதானே என்று கேட்கலாம். என் வாதத்தை இடிக்கும் வலுவான கேள்வி இது. 2018 மே மாதம், ஸ்டெர்லைட் துப்பாக்கிச் சூட்டுக்குச் சில நாட்கள் முன்பு, பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பித் திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த மூதாட்டியை அடித்தே கொன்றார்கள். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவின. பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்த்தது. அத்தகைய பதிவு ஒன்றுக்காக உத்தரப் பிரதேச அரசியல் கட்சிப் பேச்சாளர்மீது வழக்குப் பதிவானது எங்கள் தூத்துக்குடி மத்தியபாகம் காவல் நிலையத்தில். மன்னிப்புக் கேட்கும்படி அவருக்கு உச்ச நீதிமன்றம் சொன்னது. இங்கெல்லாம் குழு நூறாக இருந்தாலும் ஊற்று ஒன்றுதான். குடும்பக் குழுவிலும் தெருக் குழுவிலும் கல்லூரிக் குழுவிலும் ஒரே காணொளி வரும்போது மூன்று பேர் சாட்சி சொன்னதுபோல் மனம் ஏமாறுகிறது. டீக்கடை பெஞ்சில் ஒருவராவது, அட சும்மா இருங்க அண்ணாச்சி, போன வருசமும் இதையே சொன்னாங்க என்று சொல்வார். முன்னனுப்பும் பொத்தானுக்கு அந்த அண்ணாச்சி கிடையாது.

கடலில் நிலைமை இதற்கு நேர்மாறு. அங்கே சேதி மிகுதியால் யாரும் சாகவில்லை. 2017 நவம்பர் இறுதியில் கன்னியாகுமரிக் கடலருகே காற்றழுத்தத் தாழ்வு ஒரே நாளில் ஒக்கிப் புயலாக மாறியபோது, அதற்குப் பல நாள் முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேதி போக வழியே இல்லை. கைப்பேசி அலை கரையோரத்தோடு தீர்ந்துவிடும். வயர்லெஸ் கருவி எட்டுவதும் சில கடல் மைல்கள்தான். நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. தொலைக்காட்சிகள் கரையில் அழுகிற தாய்மாரை நாள் முழுக்கக் காட்டின. கரையில் இருந்த அனைவருக்கும் புயல் தெரிந்தது. புயலுக்குள் இருந்தவர்களுக்குத்தான் முன்கூட்டித் தெரியவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை வேறு மாதிரி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே சுமார் 800 பயணிகளோடு நின்றது. மின்சாரம் போக, கோபுரங்கள் ஓய, போன்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. சென்னையில் இருந்த பிள்ளைகள் முகநூலில் பெற்றோர் முகவரியைப் பதிந்து மீட்கச் சொல்லிக் கெஞ்சினார்கள். அதே தெருவில் இருந்தவருக்கு அது தெரியவில்லை. ஊரைப் பற்றிய சேதி ஊரைத் தவிர எல்லா இடத்திலும் இருந்தது. பிறகு எச்சரிக்கை போதுமான அளவு வந்ததா என்று மாநில அரசும் ஒன்றிய அரசும் சண்டை போட்டன. வானிலைத் துறை சரியாகக் கணிக்கவில்லை என்றது ஒரு பக்கம். 12ஆம் தேதியே சொல்லிவிட்டோம் என்றது மறுபக்கம். இரண்டும் முழுப் பதில் இல்லை. மிகக் கனமழை என்ற சொல் வருடத்துக்குப் பலமுறை காதில் விழுந்து தேய்ந்துபோயிருந்தது. எச்சரிக்கை வந்தது உண்மை என்றாலும், முத்தாலங்குறிச்சியில் இருப்பவர் இன்று இரவு மாட்டை அவிழ்த்துவிட வேண்டுமா, பாட்டியை மாடிக்குத் தூக்க வேண்டுமா என்பதை அது சொல்லவில்லை. அவர் திருப்பிக் கேட்கவும் எண் இல்லை.

பாம்பனில் 2016 ஆகஸ்டிலிருந்து மீனவர்களுக்கென்றே ‘கடல் ஓசை’ என்ற சமுதாய வானொலி 90.4 பண்பலையில் ஒலிக்கிறது. காற்று, அலை, மீன், சட்டம் எல்லாம் கரையின் பேச்சில். எனக்குத் தெரிந்தவரை இந்த வளைகுடாவில் நடந்த சிறந்த ஊடக முயற்சி இதுதான். குறை, அதன் எட்டும் தூரம் சில கிலோமீட்டர்தான். அதற்கு அப்பால் போகிறவர்களுக்காக ஒக்கிக்குப் பிறகு செயற்கைக்கோள் கருவிகள் வந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான ‘ஜெமினி’ கருவி எச்சரிக்கையை ஆழ்கடல்வரை கொண்டுபோகும். படகிலிருந்து பதில் அனுப்ப அதில் வழியில்லை. அதற்கு அடுத்து வந்த டிரான்ஸ்பாண்டர் கருவியில் இருவழிப் பேச்சு உண்டு. ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் 364 கோடி ரூபாய்த் திட்டத்தை 2024 ஆகஸ்டில் பிரதமர் மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார். தமிழ்நாட்டு விசைப்படகுகளில் இந்தக் கருவி ஏறிக்கொண்டிருக்கிறது.

நான் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டதுபோல் தோன்றும்: இன்னொரு வழி, திருப்பிப் பேசும் வாய். தருவைகுளத்தில் தங்குகடலுக்குப் போகும் ஒரு சம்மாட்டியிடம் (படகு உரிமையாளரிடம்) இதைச் சொன்னேன். அவர் சிரித்தார். படகு எங்கே நிற்கிறது என்பதை அந்தக் கருவி கரைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் போனால் எச்சரிக்கும்; நல்லதுதான். ஆனால் மீன் எங்கே படுகிறது என்பது தொழிலின் ரகசியம்; சொந்தத் தம்பிக்கும் சொல்வதில்லை. “ஆபத்துன்னா நானே அமுக்குதேன் தாயி. மத்த நேரம் நான் எங்க நிக்கேன்னு எவனெவன் பாக்கான்னு கேட்டுச் சொல்லு” என்றார். மீன்வளத் துறையில் கேட்டேன். தகவல் பாதுகாப்பாக இருக்கும் என்றார்கள். யார் கையில், எத்தனை காலத்துக்கு என்று எழுதிக் கேட்டிருக்கிறேன்.